கோதுமையை நிறுத்தினால் போதுமா? குழந்தைகளின் சீலியாக் நோயும் பெருங்காய டப்பாவும்

காஞ்சிபுரம் கோயில் இட்லியில் அரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய். கோதுமை கிடையாது. பக்கத்து மாகறலில் இட்லியும் சோறுமாக வளரும் பிள்ளைக்குக் கோதுமையால் குடல் புண்ணாகும்னு சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் இன்டர்வல் பிஸ்கட், ராத்திரி சப்பாத்தி, ஞாயிற்றுக்கிழமை பரோட்டா? ரவை, மைதா, சேமியாகூட பெரும்பாலும் கோதுமைதான்.

சீலியாக் என்பது வெறும் அலர்ஜி இல்லை. கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் புரதம் உள்ளே போனதும், உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்கின்றன. விளைவு: அடிக்கடி வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், ரத்தசோகை, வயதுக்கேற்ற உயரமும் எடையும் இல்லாமை. சிலருக்கு வயிற்றுத் தொல்லையே இருக்காது, வளர்ச்சி மட்டும் நின்றுபோகும்.

இந்த நோய்க்குக் கோதுமையோடு உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தவர் வில்லெம் டிக்கே என்ற டச்சு குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காதபோது, இந்தக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950-ல் இதை ஆய்வேடாகவே எழுதினார். இன்றும் சிகிச்சை அதேதான்: வாழ்நாள் முழுக்க குளூட்டனை ஒதுக்குவது.

நம்ம ஊரில் இது அரிது. 2016-ல் வெளியான இந்திய ஆய்வில், இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்த பெரியவர்கள் வடக்கில் 1.23%, தெற்கில் 0.10%. மரபணு வாய்ப்பு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் தட்டில்: தினசரி கோதுமை வடக்கில் சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். சப்பாத்தி பழக்கம் இங்கே கூடிக்கொண்டே போவதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

சந்தேகம் வந்ததும் பலர் செய்யும் தப்பு, தாங்களே கோதுமையை நிறுத்திவிடுவது. அப்படிச் செய்தால் ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் 'நார்மல்' என்று காட்டிவிடலாம். முதலில் டெஸ்ட், பிறகுதான் பத்தியம்.

பத்தியத்தில் மாட்டிவிடுவது சின்னச் சின்ன விஷயங்கள். பிள்ளை இளைச்சிருக்கேன்னு கொடுக்கும் சத்து பானங்கள் பலவற்றில் பார்லி மால்ட் இருக்கும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். பாக்கெட்டில் 'குளூட்டன் ஃப்ரீ' என்றிருந்தால், இந்திய விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

மாவு மில்லையும் கவனிக்கணும். கோதுமை அரைத்த கையோடு அதே மிஷினில் அரிசி அரைத்தால், அந்த அரிசி மாவும் இந்தக் குழந்தைக்கு ஆகாது.