மடி இழுத்த கப்பல்கள் வெடி இழுத்த கதை

பாறசாலையில் பஸ் ஏறினால் பொழியூர் கடற்கரை அதிக தூரமில்லை. கரையோரமாகவே தெற்கே நடந்தால் அடுத்த ஊர் நீரோடி. அது கன்னியாகுமரி மாவட்டம். 1956 நவம்பர் 1ந் தேதி நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலும், விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்திலும் சேர்ந்தன. அன்று முதல் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ராஜ்ய எல்லை ஓடுகிறது. தொழில் மட்டும் இரு பக்கமும் ஒன்றுதான்.

இந்தக் கரைகளில் கரமடி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு ட்ராலர் என்றால் என்ன என்று நீட்டி விளக்க வேண்டியதில்லை. கரமடியில் ஒரு வள்ளம் வலையை அரைவட்டமாக விட்டு வருகிறது. கரையில் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று இரண்டு வடங்களையும் இழுக்கிறார்கள். நடுவே பை போன்ற மடியில் மீன் சேருகிறது. மணலில் நிற்கும் அந்த நாற்பது, ஐம்பது கைகளுக்குப் பதிலாக ஒரு கப்பலையும் அதன் நீராவி எந்திரத்தையும் வைத்துக்கொண்டால் அதுவே ட்ராலர். வலையின் வாய் மூடிக்கொள்ளாமல் இருக்க இரு பக்கமும் இரண்டு கனத்த பலகைகள் கட்டியிருக்கும். கப்பல் இழுக்க இழுக்கத் தண்ணீரே அந்தப் பலகைகளை வெளிப்பக்கமாகத் தள்ளும். வாய் அகலமாகத் திறக்கும். மடி கடலின் அடித்தரையைத் துடைத்துக்கொண்டே போகும்.

இங்கிலாந்தில் ஹல், கிரிம்ஸ்பி, ஸ்காட்லாந்தில் அபர்டீன் ஆகிய துறைமுகங்களில் 1880களிலிருந்து இந்த நீராவி ட்ராலர்கள் பெருகின. ஐஸ்லாந்து வரை வாரக்கணக்கில் போய், ஐஸில் மீனை அடைத்துக்கொண்டு திரும்பும் கப்பல்கள் அவை. கரி அள்ளிப் போடுகிறவன் முதல் தலைவன் வரை குளிரில் விறைத்த கையோடு உருக்கு வடத்தைப் பிடித்துப் பழகியவர்கள். வடக்குக் கடலின் புயலில் கவிழாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே முன்பக்கம் உயர்ந்து, அடி ஆழ்ந்து கட்டப்பட்டவை. அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது. புகையும் மீன் நாற்றமும்தான்.

இப்படிப்பட்ட கப்பலின் மேல் கடற்படைக்கு எப்படிக் கண் விழுந்தது?

கண்ணியும் வடமும்

1904-05ல் ரஷ்யாவும் ஜப்பானும் மோதிய யுத்தத்தில் கடல் கண்ணிவெடிகள் பெரிய பெரிய போர்க்கப்பல்களை மூழ்கடித்தன. அந்த வெடி கடலில் சும்மா மிதந்து திரிவதல்ல. கனத்த எடை ஒன்று அடித்தரையில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு இரும்பு வடம் மேலே வரும். வடத்தின் நுனியில், நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் வெடி உருண்டை நிற்கும். கப்பலின் அடி அதில் இடித்தால் தீர்ந்தது.

இதை அகற்ற ஒரே வழி, இரண்டு கப்பல்கள் இணையாகப் போய், நடுவே நீருக்குள் ஒரு உருக்கு வடத்தை இழுத்து வருவது. அந்த வடம் கண்ணியின் வடத்தை அறுக்கும். உருண்டை மேலே எழும்பி மிதக்கும். தூர நின்று துப்பாக்கியால் சுட்டு வெடிக்கச் செய்வார்கள். அல்லது ஓட்டை போட்டு மூழ்கடிப்பார்கள்.

1907ல் கிரிம்ஸ்பிக்குப் போன பிரிட்டிஷ் அட்மிரல் சார்லஸ் பெரஸ்ஃபோர்டு அங்கே மீன்பிடிக் கப்பல்களைப் பார்த்தார். நாள் முழுக்கக் கடலடியில் வடம் இழுக்கிறவர்கள் இவர்கள். வடத்தைச் சுருட்டும் நீராவி விஞ்ச் இருக்கிறது. இழுக்கும் பலம் இருக்கிறது. இழுக்கத் தெரிந்த ஆளும் இருக்கிறான். போர்க்கப்பலை இந்த வேலைக்கு அனுப்பி வீணாக்குவானேன் என்று அவர் யோசனை சொன்னார். 1910ல் கடற்படை ரிசர்வில் ட்ராலர் பிரிவு என்றே ஒன்று தொடங்கப்பட்டது. 1914ல் யுத்தம் வந்ததும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ட்ராலர்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. மீன் இழுத்தவன் மறு மாதமே வெடி இழுத்தான்.

ஒரு விவரம் கவனிக்கத் தக்கது. பிறகு ஒரே கப்பல் தனியாக வெடி அகற்றும் முறை ஒன்று வந்தது. வடத்தின் நுனியை ஒரு மிதவையில் கட்டி, மீன் மடியில் உள்ளது போலவே பலகை வைத்து அதைப் பக்கவாட்டில் விரியச் செய்வார்கள். இதை 1919ல் சோதித்துப் பார்த்தது 'ஒரோபெசா' என்ற ட்ராலரில். உலகக் கடற்படைகளில் அந்த முறைக்கு அந்தக் கப்பலின் பெயரே நிலைத்தது. கடற்படை மீனவனிடமிருந்து கப்பலை மட்டும் வாங்கவில்லை, கைவேலையையும் வாங்கிக்கொண்டது.

இரண்டாவது உலக யுத்தத்தில் இவர்களுக்கு லோஸ்டாஃப்ட் ஊரில் தலைமை முகாம். மேடையில் கோணங்கித்தனம் செய்த ஹாரி டேட் என்ற நகைச்சுவை நடிகரின் பெயரை வைத்து 'ஹாரி டேட் படை' என்று மற்றவர்கள் இவர்களைக் கேலி செய்தார்கள். சீருடை ஒழுங்கு போதாதாம். 1940ல் நார்வேயின் நாம்சோஸ் துறையில் 'அரப்' என்ற ட்ராலர் ஐந்து நாட்களில் 31 முறை விமானக் குண்டுவீச்சுக்கு ஆளாகியும் மூழ்காமல் திரும்பியது. அதன் தலைவர் ரிச்சர்டு ஸ்டான்னார்டுக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. யுத்தம் முடிந்த பின் லோஸ்டாஃப்டில் எழுப்பிய நினைவுத் தூணில் 2,385 பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் அவை. கேலியை நினைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

ஓர் கப்பலின் பெயர் திருவாங்கூர்

இதெல்லாம் எங்கோ சீமையில் நடந்தது என்று எண்ண வேண்டாம். 1917 பிப்ரவரியில் 'வுல்ஃப்' என்ற ஜெர்மன் கப்பல் சாதாரணச் சரக்குக் கப்பல் போல வேஷம் போட்டுக்கொண்டு இந்துமாக் கடலுக்குள் வந்து, கொழும்புக்கும் பம்பாய்க்கும் வெளியே கண்ணிகளை விதைத்துவிட்டுப் போயிற்று. அந்த மாதமே கொழும்புக்கு அருகே 'வூஸ்டர்ஷயர்', 'பெர்சியஸ்' என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. ஜூன் மாதம் பம்பாய்க்கு வெளியே 'மங்கோலியா' என்ற பயணிகள் கப்பலும் போயிற்று. கொழும்புக்கும் பம்பாய்க்கும் இடையே போகும் கப்பல்களின் வழி கன்னியாகுமரியைச் சுற்றித்தான். விழிஞ்ஞம், பூவாறு, பொழியூர் கரைகள் அந்த வழியைப் பார்த்தபடி இருப்பவை.

அடுத்த யுத்தத்தில் இந்தியாவிலேயே ட்ராலர் கட்டத் தொடங்கினார்கள். 1935ல் ஸ்காட்லாந்தில் லீத் துறையில் கட்டிய 'பாஸெட்' என்ற கப்பலின் மாதிரி அது. சுமார் 160 அடி நீளம். கரியில் ஓடும் எந்திரம். வேகம் மணிக்கு 12 கடல் மைல். முன்னால் ஒரு சின்னப் பீரங்கி, பின்னால் நீர்மூழ்கிகளைத் தாக்கும் குண்டுகள், நடுவே வெடி இழுக்கும் வடமும் விஞ்சும். மீன் பிடிக்கும் கப்பலின் உடம்புதான். மீன் அறை மட்டும் கிடையாது.

இந்தக் கப்பல்களுக்கு இந்திய ஊர்களின், சமஸ்தானங்களின் பெயர்களை வைத்தார்கள். மதுரைக்கு ஒன்று, கொச்சிக்கு ஒன்று, கல்கத்தாவுக்கு ஒன்று. 1941ல் கல்கத்தா கார்டன் ரீச் தளத்திலிருந்து நீரில் இறங்கிய ஒன்றுக்கு எச்.எம்.ஐ.எஸ். 'திருவாங்கூர்' என்று பெயர். நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் விளவங்கோடும் அப்போது ஒரே திருவாங்கூர். தங்கள் நாட்டின் பெயரைத் தாங்கிய ஒரு ட்ராலர் இருந்தது என்பது இந்தக் கரைக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அரச பட்டங்களைத் தாங்கிய பெரிய கப்பல்களின் கதையைப் புத்தகங்கள் சொல்கின்றன. வெடி அகற்றும் வேலை அப்படியல்ல. அது சரியாக நடந்தால் எதுவுமே நடக்காது. சரக்குக் கப்பல் ஒன்று பத்திரமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். அதை யார் எழுதுவார்கள்?

1947ல் கடற்படையைப் பாகம் பிரித்தபோது நாசிக், கல்கத்தா, கொச்சி, அமிர்தசரஸ் என்ற நான்கு ட்ராலர்கள் இந்தியாவுக்கும், ராம்பூர், பரோடா என்ற இரண்டும் பாகிஸ்தானுக்கும் கிடைத்தன. அந்தப் பங்கீட்டில் 'திருவாங்கூர்' இல்லை.

மீண்டும் மீனுக்கு

யுத்தம் முடிந்தால் போர்க்கப்பலை உடைத்து இரும்புக்கு விற்பார்கள். ட்ராலருக்கு மட்டும் திரும்பிப் போக ஒரு பழைய தொழில் இருந்தது. இந்திய சர்க்கார் 1946ல் பம்பாயில் ஆழ்கடல் மீன்பிடி நிலையம் ஒன்றை ஏற்படுத்தியது. இன்று 'இந்திய மீன்வள அளவை நிறுவனம்' என்று வழங்குவது அதன் வழி வந்ததுதான். அந்த நிலையத்தின் முதல் கப்பல், வெடி அகற்றும் கப்பலாக இருந்து மீன்பிடிக்கு மாற்றப்பட்ட ஒன்று. புதுப்பெயர் 'மீனா'. பெயர் வைத்தவருக்குத் தமிழ் தெரியுமோ என்னவோ, பொருத்தமாகத்தான் வைத்தார்.

ஆனால் நம் கரைக்கு நேர் எதிரே முதலில் மடி இழுத்தவர்கள் இந்தியர்கள் அல்ல. கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்குள் ஒரு மேடு இருக்கிறது. வாட்ஜ் பாங்க் என்று பெயர். சுமார் 4,000 சதுர மைல் பரப்பு. வெளமீன், கலவா, பாறை எல்லாம் கூட்டம் கூட்டமாக மேயும் இடம். 1920களிலேயே இலங்கை சர்க்கார் 'லில்லா' என்ற ட்ராலரை அனுப்பி அந்த மேட்டைச் சோதித்தது. 1928 முதல் 'புல்புல்' என்ற ட்ராலர் கொழும்பிலிருந்து சில வருஷங்கள் வியாபாரமாகவே அங்கு மீன் பிடித்தது. யுத்தத்துக்குப் பிறகு 'ராக்லன் காசில்' வந்தது. பிறகு கொழும்புத் திட்டத்தில் கனடா கொடுத்த 'மேப்பிள் லீஃப்' வந்தது. கட்டுமரத்தில் பாய் விரித்துத் தூண்டில் போடப் போனவர்கள் ஒரு பக்கம். புகை கக்கிக்கொண்டு மடி இழுத்த கப்பல் ஒரு பக்கம். அந்த மீனைத் தின்றது கொழும்பு நகரம்.

1976 மார்ச் 23ந் தேதி இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் வாட்ஜ் பாங்க் இந்தியாவின் உரிமை என்று முடிவாயிற்று. இலங்கையின் ஆறு கப்பல்கள் மட்டும் மூன்று வருஷத்துக்கு, வருஷம் 2,000 டன்னுக்கு மிகாமல் பிடித்துக்கொள்ளலாம் என்று சலுகை. கச்சத்தீவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் இந்த மேட்டைப் பற்றிப் பேசுவதில்லை. விழிஞ்ஞத்திலும் தூத்தூர் கரையிலும் கேட்டால் அதன் அருமை தெரியும்.

சங்கிலி

இதற்கிடையே மடி சிறிய படகுகளுக்கும் வந்துவிட்டது. 1953ல் கொல்லம் பக்கம் நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. மரத்தால் கட்டிய சிறிய எந்திரப் படகு, அதற்குத் தகுந்த சிறிய மடி, அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போகும் இறால். இருபது வருஷத்தில் கேரளக் கரை முழுக்க விசைப்படகு. ஐஸ்லாந்துக் கடலுக்காகப் பிறந்த வலை, முட்டையிடும் மீனையும் குஞ்சையும் சேர்த்து நம் கரைக்கடலின் அடியைத் துடைத்தது. கரமடிக்காரனுக்கும் கட்டுமரக்காரனுக்கும் மடி காலியாகத் திரும்பியது. 1980களில் மறியலும் உண்ணாவிரதமும் நடந்தன. 1988 முதல் கேரளத்தில் மழைக்கால ட்ராலிங் தடை வந்தது.

இதில் எல்லைக் கிராமத்தவருக்கு ஒரு விசித்திரம். கேரளத்தில் இப்போது தடை 52 நாள். ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 நள்ளிரவு வரை. கன்னியாகுமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1ந் தேதியே தொடங்கிவிடுகிறது. அதே மாவட்டத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நீரோடியில் வீடு, கொச்சியில் படகு வேலை என்று இருக்கிறவர் எந்தத் தேதிக்கு வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியும், எந்தத் தேதிக்குக் கடன் கேட்க வேண்டும் என்று மூன்று காலண்டர் பார்க்க வேண்டியிருக்கிறது. தூத்தூர் வட்டாரத்து ஆட்கள் கொச்சித் துறைமுகத்தில் ஆழ்கடல் படகுகளில் ஏராளம். 2017 நவம்பர் 30ந் தேதி ஒக்கி புயலில் பூந்துறை, விழிஞ்ஞம், பொழியூர், தூத்தூர் என்று எல்லை பார்க்காமல் ஆட்கள் போனார்கள். நிவாரணம் மட்டும் எல்லை பார்த்து வந்தது. இரண்டு சர்க்கார், இரண்டு கணக்கு.

தடை தொடங்கும் இரவில் நீண்டகரைப் பாலத்தின் தூண்களுக்கு இடையே இரும்புச் சங்கிலி கட்டுவார்கள். உள்ளே இருக்கும் விசைப்படகு வெளியே போக முடியாது. எந்திரம் கழற்றி எண்ணெய் போடுகிறவர்கள், வலை பொத்துகிறவர்கள், ஊருக்குப் போக ரயில் பார்க்கிறவர்கள் என்று துறைமுகம் அடங்கிவிடும். வெளியே, மழையில், வள்ளக்காரர்கள் வலை வீசிக்கொண்டிருப்பார்கள். ஜூலை 31 நள்ளிரவு சங்கிலியை அவிழ்க்கும்போது முன்னால் நிற்கும் படகுகளின் எந்திரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.