சாளக்கிராமத்துக்குள் சேறு

மலேசியாவின் கிள்ளான் மேருவில் மலை பெயரில் மட்டும்தான், தரை தட்டை. ஆனாலும் எங்கள் வீட்டுச் சாமி மேடையில் இமயம் ஒரு கைப்பிடி அளவு இருக்கிறது: அப்பாயி தினமும் நீராட்டும் சாளக்கிராமம்.

நேபாளத்தின் காளி கண்டகி ஆறு உருட்டி வரும் கல் அது. உள்ளே தெரியும் சக்கரம், அம்மோனைட் என்ற கடல் உயிரின் சுருள் ஓடு. வயது ஏறத்தாழ 15 கோடி ஆண்டு. இமயம் எழாத அக்காலத்தில் அங்கே டெத்திஸ் கடல் கிடந்தது. அதன் அடியில் படிந்த கருஞ்சேறுதான் பின்னால் ஏடு ஏடாக உரியும் ஸ்பிதி ஷேல் பாறையானது.

ஷேல் கையிலேயே பொடியும். அதற்குள் கிடக்கும் சாளக்கிராம உருண்டை மட்டும் ஏன் இத்தனை கெட்டி? எல்லாம் அழுகல் செய்த வேலை.

சேற்றில் புதைந்த உடலைத் தின்னும் பாக்டீரியாவுக்கு அங்கே ஆக்சிஜன் கிடைக்காது. கடல்நீரின் சல்பேட்டை வைத்துப் பிழைக்கும். அந்தச் சமையலில் மிஞ்சும் பைகார்பனேட், கால்சியத்தோடு சேர்ந்து கால்சைட் ஆகிறது. பத்துமலைக் குகையின் சுண்ணாம்புக்கல்லும் அதே கனிமம்தான். கூடவே பிறக்கும் அழுகல் முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு, இரும்பைப் பிடித்துப் பைரைட் ஆகிறது. சில சாளக்கிராமங்களில் மின்னும் பொன் ரேகை இதுதான். (அப்பாயியிடம் இன்னும் சொல்லவில்லை.) சல்பேட் தீர்ந்த நீரில் இரும்பு கார்பனேட்டோடு கூடிச் சிடரைட் ஆகும். பாஸ்பேட், சிலிக்கா கலந்த உருண்டைகளும் உண்டு.

கால்சைட் களிமண்ணைத் தள்ளிவிட்டு வளர்வது குறைவு. பெரும்பாலும் துகள்களுக்கு நடுவே நீர் நின்ற இடத்தைத்தான் நிரப்பும். ஆகவே உருண்டையில் ஒரு துண்டை அமிலத்தில் கரைத்து, கார்பனேட் எவ்வளவு என்று அளந்தால், அன்று சேற்றில் எவ்வளவு நீர் இருந்தது என்று தெரிந்துவிடும். பல உருண்டைகளின் நடுவில் அது கனஅளவில் 70 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதாவது, கொழகொழவென்ற புதுச் சேறு. மேல்பாரம் நசுக்குவதற்குள் உள்ளே கால்சைட் சிமெண்டுபோல் இறுகிவிட்டது, ஓடும் தப்பித்தது. சுற்றியிருந்த சேறுதான் அமுங்கி, உருண்டையை ஒட்டி வளைந்த ஏடுகளானது.

இதற்குக் கோடி ஆண்டு வேண்டியதில்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக் உப்புச் சதுப்பில், இரண்டாம் உலகப் போர்க் குண்டுச் சில்லுகளைச் சுற்றியே சிடரைட் உருண்டைகள் வளர்ந்திருக்கின்றன.

அதே வகைப் பாக்டீரியா கிள்ளான் கரையோரச் சதுப்பிலும் உழைக்கிறது. ஆனால் சுண்ணாம்பு போதாத சேற்றில் பைரைட்தான் மிஞ்சும். செம்பனை நட வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால், காற்றுப் பட்டு அது கந்தக அமிலமாகும். மண் புளித்து மஞ்சள் திட்டுகள் தெரியும். சாளக்கிராமத்துக்குத் தானாகக் கிடைத்த சுண்ணாம்பைத் தோட்டக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்கிக் கொட்டுகிறார்கள்.