சவுக்கு வெட்டிய பணத்தில் சின்ன கார்: எதைப் பார்த்து வாங்குவது?

'சவுக்கு வெட்டியதில் கடன் போகக் கையில் ஐந்து லட்சம் நிற்கிறது. வீட்டில் ஐந்து பேர். அம்மாவை மாதம் இரண்டு முறை ஜிப்மருக்கு அழைத்துப் போக வேண்டும். புதுசா சின்ன கார் வாங்கலாமா, பாண்டிச்சேரியில் மலிவாகக் கிடைக்கும் பழைய வண்டியை வாங்கலாமா?' பொம்மையார்பாளையத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது. வானூர், மரக்காணம் பக்கம் இதே யோசனையில் பல குடும்பங்கள் இருப்பதால், பதிலைக் கொஞ்சம் விரிவாகவே தரவேண்டியிருக்கிறது.

கார் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது மைலேஜ். இந்தக் குடும்பத்துக்கு அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். ஜிப்மர், திண்டிவனம், கல்யாணம், காரியம் எல்லாம் சேர்த்தாலும் வருடத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் வண்டி 333 லிட்டர் குடிக்கும்; 22 தரும் வண்டி 273 லிட்டர். வித்தியாசம் 60 லிட்டர், அதாவது வருடத்துக்குச் சுமார் ஆறாயிரம் ரூபாய். அதற்காக மற்றதையெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. சிஎன்ஜி வண்டிக்குக் கூடுதலாகத் தரும் ஏறத்தாழ 90 ஆயிரம் ரூபாயும் இந்த ஓட்டத்துக்குத் திரும்பி வர ஏழு வருடம் ஆகும். சிலிண்டர் டிக்கியில் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். தினமும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓடுபவர்களுக்குத்தான் அது லாபம்.

நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவிகிதம். முன்பு 28 சதவிகிதமும் அதற்கு மேல் ஒரு சதவிகிதம் செஸ்ஸும் இருந்தது. வரி குறைந்த பிறகு ஆல்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ ஆகியவற்றின் ஆரம்ப ரகம் ஷோரூம் விலையில் நான்கு லட்சத்துக்குள் வந்தது. ரெனோ க்விட், டாடா டியாகோ நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில். வேகன்-ஆர் ஐந்தை ஒட்டி. ஆனால் ஷோரூம் விலையில் யாரும் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வர முடியாது. தமிழ்நாட்டில் ஐந்து லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 12 சதவிகிதம்; அதைத் தாண்டினால் 13. புது காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடும் சேர்த்தே எடுத்தாக வேண்டும்.

முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் ஏறி இறங்க வேகன்-ஆர் வசதி. உட்காரும் இடம் உயரம், டிக்கி 341 லிட்டர். ஆனால் 2023-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு அதற்குக் கிடைத்தது ஒரே ஒரு நட்சத்திரம். ஆல்டோ கே10 இரண்டு பெற்றது. சோதித்தபோது அவற்றில் இருந்தவை இரண்டு காற்றுப்பைகள். இப்போது ஆறு வருகின்றன. டியாகோ 2020-லேயே நான்கு நட்சத்திரம் வாங்கிய வண்டி. பொம்மையார்பாளையத்தில் வீட்டை விட்டு வெளியே வந்தாலே கிழக்குக் கடற்கரைச் சாலை. பேருந்தும் லாரியும் சுற்றுலா வண்டிகளும் பறக்கிற சாலையில் குடும்பமே ஏறிப் போகும் வண்டிக்கு நட்சத்திரக் கணக்கு முக்கியம். இந்த வீட்டுக்கு டியாகோவே பொருந்தும். தோப்புக்குள், செம்மண் ஓடைக் கரையில் ஓட்டுவதுதான் அதிகம் என்றால் க்விட்டைப் பார்க்கலாம். அதன் அடிப்பகுதி தரையிலிருந்து 184 மில்லிமீட்டர் உயரம். எதுவானாலும் அம்மாவையும் ஷோரூமுக்குக் கூட்டிப்போய் ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும். இதைப் பலரும் செய்வதில்லை.

அடுத்தது பணம். சவுக்குப் பணம் நான்கைந்து வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். கையில் உள்ள ஐந்து லட்சத்தையும் காரில் போட்டால் அடுத்த நடவுக்கும் மணிலா விதைக்கும் கடன்தான். காருக்கே கடன் வாங்கினால், மூன்றரை லட்சத்துக்கு ஒன்பதரை சதவிகித வட்டியில் ஐந்து வருடத் தவணை மாதம் சுமார் 7,350 ரூபாய். வட்டி மட்டும் 91 ஆயிரம். மாதச் சம்பளம் இல்லாத வீட்டில் மாதத் தவணை கழுத்தைப் பிடிக்கும். அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை தருவார்களா என்று வங்கியில் கேட்டுப் பார்க்க வேண்டும். பயிர்க்கடனாக நகையை வைத்து, அந்தப் பணத்தில் கார் எடுப்பது மட்டும் கூடவே கூடாது.

இனி பாண்டிச்சேரி வண்டி. அங்கே சாலை வரி குறைவு என்பதால் பிஒய் எண் வண்டி மலிவாகத் தெரிகிறது. ஆனால் வேறு மாநிலத்து வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவின்படி இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், தமிழ்நாட்டு வரியையும் வண்டியின் வயதுக்கேற்பக் கட்ட வேண்டும். விலை பேசும்போதே இதைக் கூட்டிப் பார்த்தால் மலிவு பாதியாகிவிடும். பதினைந்து வருடம் முடியப்போகும் வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்கும் செலவும் உண்டு.

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தண்ணீரில் நின்ற வண்டிகளும் கழுவித் துடைத்து விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்தால் சேற்றுக் கோடு தெரிகிறதா, கால்மிதிக்குக் கீழே உள்ள விரிப்பைத் தூக்கினால் பூஞ்சை வாடை அடிக்கிறதா, சீட் நகரும் தண்டவாளம் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும், வண்டவாளம் தெரிந்துவிடும். மெக்கானிக்குக் கொடுக்கும் ஐந்நூறு ரூபாய் வீண் போகாது. லிஃப்ட்டில் தூக்கி அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கடலோரத்தில் ஓடிய வண்டியில் துரு பிடிப்பது அங்கேதான்.

புது வண்டிக்கும் இந்த உப்புக்காற்று பொருந்தும். கடலைப் பார்த்து நிறுத்தாமல் சுவர் மறைவில் நிறுத்துவது நல்லது. அடிப்பகுதியை மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பேறிய போர்வெல் தண்ணீரில் கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவதே மேல்.