கணினி முன் யார் ஆசிரியர்?

கேரளத்தின் அரசு, அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளிகளில் புரொஜெக்டர், மடிக்கணினி போன்றவற்றைப் பேணும் பொறுப்பில் மாணவர்களுக்கும் பங்கு உண்டு. இதையும் ஒரு நோக்கமாகக் கொண்டு 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றம் தொடங்கப்பட்டது. எட்டாம் வகுப்பில் தகுதித் தேர்வு வைத்து உறுப்பினர்களைச் சேர்க்கிறார்கள். அனிமேஷன், நிரலாக்கம், மலையாளத் தட்டச்சு, இணையப் பாதுகாப்பு ஆகியவை அங்கே பாடங்கள்.

இதன் வேர் 2001-இல் அம்மாநில அரசு தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தில் இருக்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர ஆசிரியர்களிலிருந்தே சிலர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். இது நல்ல முடிவு. கரும்பலகையோடு பழகிய ஒருவருக்கு எங்கே தடுமாற்றம் வரும் என்பது அவரைப் போன்ற இன்னொருவருக்குத்தான் தெரியும். கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்துகொண்டதால் உரிமக் கட்டணம் சுமையாகவில்லை. 2017-இல் இத்திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. அடுத்த ஆண்டு எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான சுமார் 45,000 வகுப்பறைகளை நவீனமாக்கும் பணி நடந்தது.

அதே 2001-இல்தான் அமெரிக்க எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி இளையோரை 'டிஜிட்டல் பூர்வகுடிகள்' என்றும் பெரியவர்களை 'டிஜிட்டல் குடியேறிகள்' என்றும் பிரித்தார். அந்தப் பிரிப்பு உலகெங்கும் பரவியது. ஆனால், அது பாதி உண்மைதான். கைபேசியில் காணொளியைச் சட்டென்று தேடியெடுக்கும் பிள்ளை, ஒரு கோப்பைச் சேமித்த இடம் தெரியாமல் திணறும். கண்ணில் பட்ட முதல் பக்கத்தையே உண்மை என்று எழுதிவைக்கும். அந்தத் தகவல் சரியா, யார் சொன்னது, எதற்காகச் சொன்னது என்று கேட்கப் பழக்குபவர் ஆசிரியர். கருவியில் பிள்ளையின் விரல் வேகமானது. பாடத்தில் ஆசிரியரின் கண் கூர்மையானது. இரண்டும் ஒரே மேசையில் சேரும்போதுதான் பாடம் நடக்கிறது. மாணவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது கௌரவக் குறைச்சல் என்று ஆசிரியர் நினைத்தால், விலையுயர்ந்த கருவியும் பீரோவில்தான் தூங்கும்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் பள்ளி வாசலோடு நிற்கவில்லை. 2022-இல் மூன்று லட்சம் தாய்மாருக்கு இணையப் பாதுகாப்பைக் கற்றுத்தரும் திட்டத்தை 'கைட்' அறிவித்தது. கடவுச்சொல், பொய்ச் செய்தி, பண மோசடி பற்றிய அந்த வகுப்புகளை ஆசிரியர் மேற்பார்வையில் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர்களே நடத்தினார்கள்.