ஒரு டீ காசில் ஹூக்ளி உலா

கொல்கத்தாவை ஆற்றிலிருந்து பார்க்க எவ்வளவு செலவாகும் தெரியுமா? ஒரு டீ குடிக்கிற காசுதான் நேயர்களே!

சென்னை மெயிலில் போய் ஹவுராவில் இறங்குங்கள். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே ஹூக்ளி ஆறு, படகுத்துறை. தனிப் படகுக்குப் பேரம் பேசவே வேண்டாம். ஆபீஸ் போகிறவர்களோடு வரிசையில் நின்று பாக்பஜார் படகுக்கு டிக்கெட் எடுங்கள். 1943-ல் திறந்த ஹவுரா பாலத்துக்கு அடியிலேயே போகும். அண்ணாந்து பாருங்கள்... அவ்வளவு பெரிய இரும்புப் பாலம், ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லாமல் நிற்கிறது!

வழியில் சோவாபஜாரில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் குமார்துலி. வைக்கோலைக் கட்டி, களிமண் பூசி, துர்க்கை சிலை வனைகிற தெரு. ஆவணி மாதம் போய்விடுங்கள், பட்டறைக்குப் பட்டறை அம்மன்தான்!