இரவுப் பணியாளரும் இறைவன் ஈயும் உறக்கமும்

கிறிஸ்தவ வாழ்வின் வளர்ச்சியைக் குறித்துப் போதிக்கும்போது, அதிகாலையில் எழுதல், எழுந்தவுடன் ஜெபித்தல், ஞாயிறு காலை ஆராதனைக்குத் தவறாது வருதல் ஆகியவற்றையே முதன்மையான ஒழுக்கங்களாக நாம் எடுத்துரைக்கிறோம். இவை நல்லவையே. ஆயினும், பகலில் உழைத்து இரவில் உறங்குவோரை மனத்திற்கொண்டே இவற்றை வகுத்துள்ளோம் என்பதை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை.

1971ஆம் ஆண்டில் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டையை அமைத்தபின், கர்நாடக எல்லையை அடுத்த இப்பகுதியின் வாழ்க்கைமுறையே மாறிற்று. லாரிகளும் இருசக்கர வண்டிகளும் கைக்கடிகாரங்களும் உருவாகும் இங்கே பல ஆலைகள் இரவும் பகலும் இயங்குகின்றன. மூக்கண்டப்பள்ளியிலும் ஜூஜூவாடியிலும் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் இளைஞர் பலர் ஒரு வாரம் பகல் ஷிப்டிலும் மறுவாரம் இரவு ஷிப்டிலும் பணிபுரிகின்றனர்.

அருளுரையின்போது உறங்கிய இளைஞர் ஒருவரை நாம் ஒருமுறை பீடத்திலிருந்தே கடிந்துகொண்டோம். இரவெல்லாம் உழைத்து, அறைக்கும் செல்லாமல் நேரே ஆலயத்திற்கு வந்தவர் அவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. மன்னிப்புக் கேட்க முற்பகலில் அவருடைய அறைக்குச் சென்றோம். அப்பொழுதும் அவர் உறங்கிக்கொண்டிருந்தார்! கதவைத் தட்டாமல் திரும்பினோம். அன்றுதான் நாம் கற்கத் தொடங்கினோம்.

உறக்கம் சோம்பலன்று, படைப்பின் ஒழுங்கு. உடலுக்குள் இயங்கும் நாள்முறைக் கடிகாரத்தை ஆராய்ந்தோர் 2017இல் நோபல் பரிசு பெற்றனர். அக்கடிகாரம் வாரந்தோறும் குலையும்போது உடல் நலிகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றுள் ஒன்றாக 2019இல் மீண்டும் வகைப்படுத்தியது.

திருமறை என்ன கூறுகிறது? சாவை விரும்பிச் சூரைச்செடியின்கீழ்ப் படுத்த எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. உண்ணச் செய்தான், மீண்டும் உறங்கவும் விட்டான். அதன் பின்னரே ஓரேபின் தரிசனம் (1 இராஜாக்கள் 19). ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் ஒவ்வொரு நாளையும் மாலையை முற்படக் கூறியே எண்ணுகிறது. மனிதன் உறங்கும்போதே இறைவனின் செயல் தொடங்குகிறது. விழித்தபின் அவன் அதில் பங்குகொள்கிறான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும், நள்ளிரவைக் கடந்து பணிபுரிவோருக்கு ஷிப்டு முடியும் நேரத்திலிருந்து 24 மணி நேரத்தையே விடுமுறை நாளாகக் கணக்கிட்டது. சட்டம் கண்ட இவ்வுண்மையைச் சபை காணாதிருக்கலாமா?

ஆகவே, ஆயர்கள் மூன்றினைச் செய்யலாம். முதலாவது, இரவுப் பணியாளரின் ஜெபவேளை அவர் கண்விழிக்கும் மாலைவேளையே எனக் கற்பிப்பது. இரண்டாவது, ஷிப்டு அறிந்து வீடு சந்திப்பது; ஞாயிறு மாலையிலும் ஓர் ஆராதனை நடத்துவது. மூன்றாவது, பணி முடிந்தபின் கைபேசியில் கழியும் நேரத்தை உறக்கத்திற்கு மீட்டுக்கொள்ளுமாறு அன்புடன் அறிவுறுத்துவது.

எனினும், தனிமனித ஒழுக்கம் மட்டும் போதாது. வீட்டுக்கு அனுப்பும் பணத்திற்காக இரண்டு ஷிப்டுகளைத் தொடர்ந்து செய்பவரிடம் உறக்கத்தைப் பற்றி மட்டும் பேசுவது கொடுமை. உபாகமம் 5ஆம் அதிகாரம் ஓய்வுநாளை எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து பெற்ற விடுதலையோடு இணைக்கிறது. ஓய்வைப் போதிக்கும் சபை நியாயமான கூலிக்காகவும் குரல்கொடுக்கக் கடமைப்பட்டுள்ளது.

இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதில்லை என்று நாம் அறிக்கையிடுகிறோம். அவர் விழித்திருப்பதாலேயே நாம் உறங்கலாம். களைத்தவன் கண்மூடுவதும் ஒரு விசுவாச அறிக்கையே.