உங்களுக்குத் தெரியுமா? – ஆளைச் சாய்த்தால் காசு!

எதிரணி ஆட்டக்காரரை வெளியே தூக்கிக்கொண்டு போகும்படி அடித்தால் 1,000 டாலர். மேற்கொண்டு ஆடவே முடியாமல் சாய்த்தால் 1,500. அமெரிக்கக் கால்பந்தில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்குள் 2009 முதல் 2011 வரை இப்படியொரு ரகசியப் பட்டுவாடா நடந்ததாக அந்த நாட்டு லீக் நிர்வாகம் 2012 மார்ச்சில் அறிவித்தது. தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டனுக்கு ஒரு சீசன் முழுக்கத் தடை. அணிக்கு 5 லட்சம் டாலர் அபராதம்.

நான்கு வீரர்களுக்கும் தடை விழுந்தது. மேல்முறையீட்டை விசாரித்த பால் டாக்லியாபூ, அதே ஆண்டு டிசம்பரில் அதை நீக்கிவிட்டு, பயிற்சியாளர்கள் பக்கமே விரலை நீட்டினார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஆடும் பதினொருவரில் இடம் தருபவரே ‘அடி’ என்றால், இருபது வயதுப் பையன் எப்படி மறுப்பான்?

நம்மூர் கால்பந்தில் மஞ்சள், சிவப்பு அட்டைகள் உலகக் கோப்பைக்கு வந்தது 1970இல். அதற்கு முந்தைய 1966 கோப்பையில் பல்கேரியாவும் போர்ச்சுகலும் பெலேவின் கால்களைப் பதம்பார்த்தே அவரை முடக்கின.

அளவுமீறிய பலத்தோடு எதிராளி மேல் பாய்ந்தால் சிவப்பு அட்டை. ‘வேணும்னு செய்யல சார்’ என்பது அங்கே எடுபடாது.

2004 டிசம்பர் 5, பெங்களூரு. ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராகத் தன் இரண்டாவது கோலை அடித்த கையோடு, டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல்கீப்பருடன் மோதிச் சரிந்தார், உயிர் பிழைக்கவில்லை. டெம்போ அவருடைய 10ஆம் எண் பனியனை அதன்பின் யாருக்கும் தரவில்லை. அங்கே யாரும் அடிக்குக் காசு பேசவில்லை. பந்துக்காகப் பாய்ந்ததே உயிரைக் கொண்டுபோகும் என்றால், ஆளுக்காகவே பாயச் சொல்லிக் காசு வைப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகப் பாக்சிங் வளர்த்தது வடசென்னை. ஆளைச் சாய்த்தாலே வெற்றி என்கிற அந்த ஆட்டத்தில்கூட, விழுந்தவரைத் தொடக் கூடாது. சாய்த்தவர் ஒதுங்கி மூலைக்குப் போக வேண்டும். அமெச்சூர் போட்டிகளில், தலையில் அடி வாங்கி நாக்-அவுட் ஆனவர் குறைந்தது 30 நாள் ரிங்கில் ஏறக் கூடாது.

மாதவரத்தில் மைதானத்துக்கு வரும் பையனுக்குக் கால்பந்து பொழுதுபோக்கு மட்டுமல்ல. மூலக்கடை தாண்டி வியாசர்பாடிக்குப் போனால், ஆட்டத்தை நம்பியே வளர்ந்த தெருக்கள் உண்டு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஐ.சி.எஃப்., ரயில்வே, வங்கி என்று ஒரு வேலை கிடைத்தால் குடும்பமே நிமிரும். தமிழக அரசு வேலைகளிலும் 3 சதவீதம் விளையாட்டு வீரர்களுக்கு உண்டு. முட்டியில் ஜவ்வு கிழிந்தால் அந்த வேலையும் கைவிட்டுப் போகலாம். லைனுக்கு வெளியே நின்று ‘தூக்குடா அவன’ என்று கத்துகிற அண்ணன்மார்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடிக்காததற்கும் பரிசு உண்டு! 2018 உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் என எல்லாவற்றிலும் சமம். மஞ்சள் அட்டை ஜப்பானுக்கு 4, செனகலுக்கு 6. அட்டை குறைவாக வாங்கிய ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது. நம் பகுதியில் கோப்பைப் போட்டி நடத்துகிறவர்கள் அடுத்த நோட்டீஸிலேயே இந்த விதியையும் அச்சடிக்கலாம். கூடவே மைதானத்தில் ஓர் ஆம்புலன்ஸும் நிறுத்தலாம்.